நாய்க்கு ஓயாத அரிப்பா? உணவைச் சோதிக்கும் முறை

ஆண்டு முழுவதும் நாய் பாதங்களை நக்குவதற்கும் காதுகளைச் சொறிவதற்கும் உணவு ஒவ்வாமை காரணமாக இருக்கலாம். தெள்ளுப்பூச்சி, சொறி, பூஞ்சைத் தொற்று எதுவும் இல்லை என்பதைக் கால்நடை மருத்துவரிடம் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை ஆகியவற்றின் புரதங்களே நாய்களுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே நாய் இதுவரை உண்டிராத புரதம் கொண்ட உணவு, அல்லது புரதம் நுண்கூறுகளாகச் சிதைக்கப்பட்ட மருத்துவ உணவு, இரண்டில் ஒன்றை மட்டுமே குறைந்தது 8 வாரம் கொடுக்க வேண்டும். இடையில் ஒரு பிஸ்கட்டோ, ஒரு வாய் தயிர்சாதமோ, இறைச்சிச் சுவையூட்டிய மாத்திரையோ சோதனையைக் கெடுத்துவிடும். அரிப்பு தணிந்தபின் பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, 2 வாரத்துக்குள் மீண்டும் அரித்தால் காரணம் உணவே.

பொட்டலத்தில் உள்ள ‘ஒவ்வாமை தராதது’ என்ற வாசகத்தை மட்டும் நம்பாதீர்கள். உட்பொருள் பட்டியலைப் படித்து வாங்குங்கள்.