குளிர்கால வெயிலின் விலை

மார்கழி மாதத்தின் முற்பகுதியில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரிலே, காலை எட்டு மணி கடந்த பின்னரே கதிரவன் எழுகின்றான். மாலை நான்கு மணி அடிப்பதற்கு முன்னரே மறைந்துவிடுகின்றான். பகற்பொழுது ஏறக்குறைய ஏழரை மணித்தியாலம். அதிலும் பெரும்பகுதியை முகில் மூடிக்கொள்வதுண்டு. ஆண்டின் எந்த நாளிலும் பதினொரு மணித்தியாலத்துக்குக் குறையாத பகலைக் காணும் இலங்கை நேயர்களுக்கு, வெயிலைக் காசு கொடுத்து வாங்கச் செல்வோர் உளர் என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், ஓய்வூதியத்தில் வாழும் வட ஐரோப்பிய முதியோர் பலர், அந்த ஒரு வார வெயிலுக்காக ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகப் பணம் சேர்க்கின்றனர். இடத்தைத் தவறாகத் தெரிந்துகொண்டால், அப்பணம் குளிர்ந்த அறையொன்றில் இருந்து யன்னலூடே மழையைப் பார்ப்பதில் கழிந்துபோகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தகைய பயணம் செல்வர்க்கே உரியதாயிருந்தது. இன்று பிரான்சின் தென்கரை நகராகிய நீஸில், 1820களில் ஆங்கிலேயரின் பொருளுதவியால் அமைந்த கடலோர நடைபாதை இன்றும் ஆங்கிலேயர் பெயராலேயே வழங்குகின்றது. சாதாரண மக்களுக்கு வழி திறந்தது விமானம். 1950இல் விளாடிமிர் ரைட்ஸ் என்பவர், இலண்டனிலிருந்து கோர்சிக்காத் தீவுக்கு, பயணமும் உணவும் தங்குமிடமும் சேர்த்து 32 பவுண் 10 சிலிங் கட்டணத்தில் ஆட்களை அழைத்துச் சென்றார். தங்குமிடம் என்பது கூடாரந்தான்! அது கோடைப் பயணமே எனினும், எல்லாவற்றையும் ஒரே கட்டணத்தில் அடக்கும் முறை பின்னர் குளிர்காலத்துக்கும் பரவிற்று. கோடையில் நிறைந்து பறக்கும் விமானங்களும் நிறைந்திருக்கும் விடுதிகளும் குளிர்காலத்தில் வெறுமையாகக் கிடப்பதைவிட, குறைந்த கட்டணத்துக்கேனும் ஆட்களை ஏற்பது மேல் என நிறுவனத்தார் கண்டனர். குளிர்கால விடுமுறை மலிந்ததன் இரகசியம் இதுவே.

இங்கேதான் பலர் முதன்முதலாக ஏமாறுகின்றனர். மத்தியதரைக் கடலோரம் என்றவுடன் ஆண்டு முழுவதும் வெயில் என எண்ணிக்கொள்கின்றனர். கோடையில் அப்பகுதியின் மேல் நிற்கும் உயரமுக்க வலயம் குளிர்காலத்தில் தெற்கே நகர்ந்துவிடும். அத்திலாந்திக் சமுத்திரத்தின் மழைக்காற்றுகள் உட்புக இடம் கிடைக்கும். மத்தியதரைப் பிரதேசத்தின் மழைக்காலமே அதன் குளிர்காலந்தான். நீஸ் நகரில் தை மாதத்து நண்பகல் வெப்பம் சுமார் 13 பாகை செல்சியஸ் மட்டுமே. ஸ்பானியாவின் கீழ்க்கரையிலுள்ள பெனிடோர்ம் மலைகளின் மறைவில் இருப்பதால் மழை குறைவு. நண்பகலில் 17 பாகை அளவில் இதமான வெயிலும் உண்டு. ஆயின், இரவிலே குளிர் இறங்கும். கோடையின் வெம்மையைத் தாங்கவென ஓடு பதித்த தரையோடு கட்டப்பட்ட அங்குள்ள வீடுகள் குளிர்காலத்தில் உள்ளே சில்லிட்டிருக்கும். அறையைச் சூடாக்கும் வசதி உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்று விசாரியாமல் மலிவான வீட்டை அமர்த்தியவர், போர்வைக்குள்ளேயே விடுமுறையைக் கழிக்க நேரும். எனினும் பெனிடோர்மைத் தள்ளிவிடுதல் நியாயமன்று. 1985 முதல் ஸ்பானிய அரசு தன் நாட்டு முதியோரைக் குறைந்த செலவில் குளிர்கால விடுமுறைக்கு அனுப்பிவருகின்றது. அதனால் அவ்வூர் விடுதிகள் பல அப்பருவத்திலும் மூடுவதில்லை. உலாவப் போகிறவருக்கு நல்ல ஊர். கடலில் நீந்தப் போகிறவருக்கு அன்று.

இன்னும் தெற்கே, ஆபிரிக்கக் கரையிலிருந்து சுமார் 100 கிலோமீற்றர் தொலைவில் தொடங்குவன ஸ்பானியாவுக்குரிய கனேரித் தீவுகள். வட அகலக்கோடு 28 பாகையை அண்டிக் கிடக்கும் இவற்றில் கரையோர நண்பகல் வெப்பம் தை மாதத்திலும் சராசரியாக 20 பாகை அளவில் இருக்கும். இங்கிலாந்திலிருந்து நாலரை மணித்தியாலப் பறப்பு. கடிகாரத்தை மாற்றவும் வேண்டியதில்லை. வெப்பமும் செலவும் ஒருங்கே பொருந்திவரும் இடம் ஐரோப்பியருக்கு இதுவே எனத் துணிந்து கூறலாம். ஆனால், 'கனேரித் தீவு' என்று மட்டும் கேட்டு வாங்கிவிடலாகாது. தெனரீபேத் தீவின் நடுவே 3,715 மீற்றர் உயரமான தெய்தே எரிமலை நிற்கின்றது. வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று, கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து மலையின் வடபுறத்தே முகிலாகக் குவிக்கின்றது. ஆகவே வடக்கு பசுமையானது, வாழை செழிக்கும், வானம் அடிக்கடி மூடியிருக்கும். மலையின் மறைவிலுள்ள தெற்கோ வறண்ட பூமி. அங்கேதான் வெயில். காரில் ஒரு மணித்தியாலம் சென்றால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்விடலாம்.

அந்த முகில் எத்தகையது என்பதை 1977 மார்ச் 27ஆம் தேதி உலகம் அறிந்தது. தீவின் வடக்கே உயர்ந்த நிலத்திலிருந்த விமானநிலையத்தை முகில் மூடிய வேளையில், இரு பெரு விமானங்கள் ஓடுபாதையில் மோதிக்கொண்டன. 583 பேர் மாண்டனர். விடுமுறைக்கென வந்தவர்களே அவர்களுட் பலர். தெற்கே புதிய விமானநிலையம் 1978இல் திறக்கப்பட்டது.

இடம் தெரிந்த பின் நாள் தெரிதல் வேண்டும். நத்தார் வாரத்திலும் பெப்ரவரிப் பாடசாலை விடுமுறையிலும் கட்டணம் பெருமளவு உயர்ந்துவிடும். மார்கழிக்கு முந்திய வாரங்களிலும், புத்தாண்டுக் கொண்டாட்டம் ஓய்ந்த பின் தை மாதத்திலும் குறையும். முதியோருக்கு இது வாய்ப்பு. பிள்ளைகளுள்ள பெற்றோருக்கோ சோதனை. தவணைக் காலத்திலே பிள்ளையை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு இங்கிலாந்தில் தண்டம் விதிக்கப்படுகின்றது. தந்தையொருவர் இதனை எதிர்த்து வழக்காடி, 2017இல் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தில் தோல்வியுற்றார். தீர்ப்பு முறையானதே, எனினும் அத்தவணை வாரங்களில் மட்டும் கட்டணத்தை இறக்கிவைக்கும் வணிகரை எவரும் தண்டிப்பதில்லை.

தூரத்து நாடுகளின் கணக்கு வேறு. அங்கே உணவும் தங்குமிடமும் மலிவு. ஆனால் விமானக் கட்டணம் அம்மலிவை விழுங்கிவிடும். ஆதலால் ஒரு வாரம் தங்குவோருக்கு அவை ஒவ்வா. ஒரு மாதம் தங்குவோருக்கு இலாபமாகும். மேற்கு ஆபிரிக்காவின் காம்பியாவில் அப்பருவம் மழையற்றது. ஆயினும் மலேரியாத் தடுப்பு மருந்து உட்கொண்டே செல்லவேண்டும்.

இலங்கையும் ஐரோப்பியரின் இப்பட்டியலில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றது. இங்கும் தெனரீபேயின் கதைதான், காற்றுகள் மட்டுமே வேறு. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மார்கழியில், பெந்தோட்டையிலும் ஹிக்கடுவையிலும் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். அதே வாரத்தில் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் மழை கொட்டும், கடல் கொந்தளிக்கும். கீழ்க்கரையின் கடல் வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையே அமைதியாயிருக்கும். நிலாவெளியின் படத்தை மட்டும் பார்த்து, மலிவாகக் கிடைக்கிறதென்று மார்கழியில் அறை அமர்த்தும் ஐரோப்பியர் இன்றும் உளர். அவ்வறை அந்த விலைக்குக் கிடைப்பது ஏன் என்பதை அவ்வூர் மீனவர் எவரும் ஒரே வார்த்தையிற் சொல்லிவிடுவர்.