ஏற்காட்டு இறக்கமும் என் வலது கையும்

எஸ்டி மோட்டார்சைக்கிளில் கிக்கருக்கென்று தனிக் கம்பி கிடையாது. இடது காலுக்குக் கீழே இருக்கிற கியர் கம்பிதான் கிக்கரும். அதை எஞ்சின் பக்கமாக உள்ளே அழுத்தி, மேலே சுழற்றிப் பின்னுக்குக் கொண்டுவந்தால் கிக்கர். உதைத்து வண்டி பிடித்துக்கொண்டதும் முன்னால் தள்ளிவிட்டால் மறுபடியும் கியர். 1988-ல் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அந்த எஸ்டி ரோடுகிங்கை 9,500 ரூபாய்க்கு நான் வாங்கியபோது, விற்றவர் இந்த வித்தையை இரண்டு முறை செய்து காட்டினார். மூன்றாவது முறை நான் செய்தேன். கம்பி திருப்பியடித்துக் கணுக்கால் வீங்கிவிட்டது. "பழகிடும் தம்பி" என்று சொல்லி, பணத்தை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்போது நான் மெடிக்கல் ரெப். சேலம், ஏற்காடு, அரூர், தர்மபுரி எல்லாம் என் பகுதி. டையும் தோல் பையுமாக, வாரத்தில் ஆறு நாளும் வண்டிமேல்தான். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்துவதற்கு முன்பே, சத்தத்தை வைத்து நான் வருவது கம்பவுண்டர்களுக்குத் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் இரண்டு சைலன்சர் இருப்பதைப் பார்த்து ரெட்டை சிலிண்டர் என்று நினைப்பவர்கள் உண்டு. சிலிண்டர் ஒன்றுதான், 250 சிசி. அந்த ஒரே சிலிண்டரிலிருந்து புகை போக இரண்டு வழி வைத்திருந்தார்கள்.

எஸ்டியின் பூர்விகம் ஜாவா. அந்தப் பெயருக்கும் ஜாவா தீவுக்கும் சம்பந்தமில்லை. செக்கோஸ்லோவாக்கியாவில் யானெச்செக் என்பவர் வாண்டரர் என்ற ஜெர்மன் கம்பெனியின் மோட்டார்சைக்கிள் உரிமையை வாங்கினார். இரண்டு பெயரின் முதல் எழுத்துகளையும் ஒட்டியதுதான் 'ஜாவா'. அந்த வண்டியை 1960-களின் தொடக்கத்தில் மைசூரு யாதவகிரியில் செய்ய ஆரம்பித்தது ஐடியல் ஜாவா. பின்னால் அதே கம்பெனி தன் வண்டிக்கு எஸ்டி என்று சொந்தப் பெயர் வைத்துக்கொண்டது. ரோடுகிங் 1978-ல் வந்தது.

அது டூ-ஸ்ட்ரோக் வண்டி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் விளக்கத்தான் வேண்டும். இப்போது ஓடுகிற போர்-ஸ்ட்ரோக் வண்டிகளில் பிஸ்டன் இரண்டு தடவை மேலும் கீழும் போய்வந்தால்தான் ஒரு வெடிப்பு. டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் மேலே போகிற ஒவ்வொரு தடவையும் வெடிப்பு. அதனால்தான் அந்தத் துள்ளல். ஆனால் போர்-ஸ்ட்ரோக்கில் இருப்பதுபோல எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கி நின்று பிஸ்டனுக்கு வழுக்கல் கொடுக்காது. எஸ்டியில் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்தே ஊற்ற வேண்டும். பங்கில் லிட்டருக்கு 40 மில்லி கணக்கில் 2டி ஆயில் ஊற்றி, வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டிக் கலக்குவேன். அந்த ஆயில் எஞ்சினுக்குள் போய், வேலையை முடித்து, எரிந்து, நீலப் புகையாகப் பின்னால் வரும். எரியாத மிச்சம் கரியாகிச் சைலன்சருக்குள் ஒட்டிக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்குழாயை உருவி, கழிவுத் துணி போட்ட நெருப்பில் மெக்கானிக் பாய் சுட்டெடுப்பார். அன்றைக்கு அந்தத் தெருவே இருமும்.

என் மனைவிக்கு அந்தப் புகையோடு கடைசிவரை ஒத்துப்போகவில்லை. "ஏங்க, கல்யாண வீட்டுல பக்கத்துல உக்காந்த அக்கா, எஸ்டியிலயா வந்தேன்னு கேக்குறாங்க. சேலையை மோந்து பாத்தே கண்டுபிடிச்சிட்டாங்க" என்றாள் ஒருமுறை. எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

1991-ல் ஒரு நாள் மாலை, ஏற்காட்டில் டாக்டர்களைப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுகள். இறக்கம்தானே, பெட்ரோலை எதற்கு வீணாக்குவது என்று ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடி, மூன்றாவது கியரில் வண்டியை அதன் போக்கில் விட்டேன். பாதி இறங்கியிருப்பேன். கிறீச்சென்று ஒரு சத்தம், பின்சக்கரம் நின்றுவிட்டது. வண்டி கோணலாக வழுக்கிக்கொண்டு போகிறது. இடது கை தானாகவே கிளட்சைப் பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை வேறு யாராவதுதான் எழுதியிருப்பார்கள். ஓரத்துக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. அரை மணி நேரம் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் ஆறியதும் கிக்கர் இறங்கியது. நடை வேகத்தில் அடிவாரம் வந்து, கோரிமேடு வழியாக ஊருக்குள் நுழைந்தேன்.

பாய் சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தார். பிஸ்டனில் நீளநீளமாகக் கீறல்.

"இறக்கத்துல ஆக்ஸிலேட்டரை மூடிட்டு வந்தீங்களா சார்?"

"ஆமா பாய்."

"பெட்ரோல் போனாத்தானே சார் ஆயில் போகும்?"

அவ்வளவுதான் விஷயம். ஆக்ஸிலேட்டரை மூடினால் கலவை உள்ளே போகாது. ஆனால் இறங்குகிற வேகத்துக்குச் சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கும். காய்ந்த பிஸ்டன் சூடேறி விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்தார். அதிலிருந்து எந்த இறக்கத்திலும் கொஞ்சதூரத்துக்கு ஒருமுறை வலது கையை லேசாக முறுக்கிக்கொடுப்பேன்.

இன்னொரு நாள் தொப்பூர் கணவாயில் கிளட்ச் ஒயர் அறுந்தது. பிரிபிரியாக நிற்கிறது, மாற்றிவிடுங்கள் என்று பாய் சொல்லி ஒரு மாதமாகியிருந்தது. மாற்றாமல் விட்டது நான்தான். வேறு வண்டியாக இருந்தால் லாரிதான் பிடித்திருக்க வேண்டும். எஸ்டியில் கியர் கம்பியைக் கால் அழுத்தும்போதே கிளட்சும் உள்ளே விடுபடும்படி அமைப்பு. கம்பியை மிதித்துப் பிடித்து, மெல்லக் காலை எடுத்தால் வண்டி கிளம்பிவிட்டது. ஓமலூர் தாண்டி, கிளட்ச் இல்லாமலே வீடு வந்து சேர்ந்தேன். அன்று ராத்திரி கிழிந்த வேட்டியொன்றைத் தேடியெடுத்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

1996-ல் மைசூரு ஆலை நின்றது. மாசுக் கட்டுப்பாடும் அந்த ஆண்டிலும், பிறகு 2000-த்திலும் இறுகியது. ஸ்பேர் வாங்குவது அலைச்சலாகிவிட்டது. பாய் ஒரு பாகத்துக்காகப் பெங்களூருக்கு ஆள் அனுப்பிய நாளில், விற்றுவிடலாம் என்று தோன்றியது. அயோத்தியாப்பட்டணத்துப் பால்காரர் ஒருவர் 3,000 ரூபாய்க்குக் கேட்டார். பால் கேன் மாட்டுவதற்குக் கொக்கி வெல்டிங் வைத்தால் பெயின்ட் போய்விடுமே என்று நான் கவலைப்பட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அடுத்து வாங்கியது ஸ்ப்ளெண்டர். எஸ்டியில் முதல் கியருக்கு முன்னால் மிதிக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் விரலால் மேலே தூக்க வேண்டும். ஸ்ப்ளெண்டரில் நான்கும் முன்மிதிதான். மண்டைக்கு இது ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. காலுக்குப் புரிய மூன்று மாதமாயிற்று. ஐந்து ரோட்டில் ஒருநாள் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக நினைத்து, பழக்கதோஷத்தில் தூக்கிவிட்டேன். வண்டி ஒன்றுக்கு இறங்கி அலறியது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் என் பரம்பரையையே விசாரித்தார்.

அந்த வண்டியை நான் சில வருஷம் மனதுக்குள் மட்டம்தட்டியே ஓட்டினேன். சத்தமில்லை, துள்ளலில்லை, தையல் மிஷின் என்று. ஆனால் எஸ்டி லிட்டருக்கு 30 கிலோமீட்டர் கொடுத்த இடத்தில் இது எனக்கு 65 கொடுத்தது. காலையில் உதைத்தால் கிளம்பியது. மாதக் கடைசியில் பெட்ரோல் காசுக்காக வீட்டில் நடக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. எஸ்டிக்காரர்களான எங்களிடம் ஒரு மிதப்பு உண்டு: எங்களுக்குத்தான் வண்டி ஓட்டத் தெரியும் என்று. யோசித்துப் பார்த்தால், திறமை என்று நான் நினைத்ததில் பாதி, அந்தக் காலத்து எஞ்சினுக்கு எது ஆகாது என்று தெரிந்து வைத்திருந்ததுதான். வண்டி தானே செய்யவேண்டிய வேலையை நான் செய்துகொண்டிருந்தேன். அதற்குப் பெயர் நெருக்கம் என்று வைத்துக்கொண்டேன். பொய் என்று முழுக்கவும் சொல்ல மனம் வரவில்லை.

2018-ல் ஜாவா என்ற பெயர் திரும்ப வந்தபோது, விளம்பரத்தைப் பார்த்த அன்றே ஷோரூமுக்குப் போனேன். அதே வளைவு டேங்க், அதே இரட்டைச் சைலன்சர். உட்கார்ந்ததும் என் இடது கால் கியர் கம்பியை உள்ளே அழுத்தப் பார்த்தது. "செல்ஃப் இருக்கு சார்" என்றான் பையன் பணிவாக. 293 சிசி, போர்-ஸ்ட்ரோக், எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேட்டர், ஆறு கியர். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தேன். நல்ல வண்டி, குறை சொல்ல ஒன்றுமில்லை. பள்ளித் தோழனின் பெயரைக் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், அந்தப் பெயரில் வேறொரு நல்ல மனிதர் நிற்கிறார். என்ன செய்ய முடியும்? கைகுலுக்கிவிட்டு வந்தேன்.

இப்போது வைத்திருப்பது 2021-ல் வாங்கிய யூனிகார்ன். சோக் இழுக்கிற வேலை இல்லை. எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதை சென்சார்கள் பார்த்துக்கொள்ளும். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயமான ஏபிஎஸ் இதன் முன்சக்கரத்தில் இருக்கிறது. பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தால், அழுத்தத்தை விட்டுவிட்டுப் பிடிக்கும். சரளைக்கல் கிடந்த ஒரு வளைவில் அது வேலை செய்ததை விரலில் உணர்ந்தேன். பிரேக் லீவர் தவளை வயிறுபோலப் படபடத்தது. வண்டி நேராகவே நின்றது.

போன மார்கழியில் மகனைப் பின்னால் உட்கார வைத்து ஏற்காட்டிலிருந்து இறங்கினேன். மூன்றாவது கியர், எஞ்சினே வேகத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டு வந்தது. பனியில் எதிரே வந்த பஸ்ஸின் விளக்கு மட்டும் தெரிந்தது. நாலைந்து வளைவு தாண்டியதும் அவன் என் தோளைத் தட்டினான்.

"ஏம்ப்பா, இறக்கத்துல சும்மா சும்மா முறுக்கிக்கிட்டே வர்றீங்க?"

"ஆயில் போக வேணாமாடா?" என்றேன்.