ஹெட்டை மட்டும் மாற்றினால் போதுமா?

மதுரையிலிருந்து மேலக்கால் சாலையில் கோச்சடை வழியாகப் போகிறவர்களுக்கு ஃபென்னர் ஆலையைத் தெரியும். பெல்ட்டுக்கும் ஆயில் சீலுக்கும் பேர்போன கம்பெனி. பெல்ட் என்றதும் மாவு மில்லும் கிணற்று மோட்டாரும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் எத்தனையோ கார்களில் எஞ்சினின் உயிர், பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட்டை நம்பித்தான் இருக்கிறது. கீழே சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டையும் மேலே சிலிண்டர்களை மூடும் ஹெட்டில் சுழலும் கேம் ஷாஃப்ட்டையும் இணைப்பது அந்த டைமிங் பெல்ட். சில எஞ்சின்களில் அதே வேலையைச் செயின் பார்க்கிறது.

வால்வுகளைத் திறக்கும் தண்டுதான் கேம் ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் இது ஒரு சுற்று. ஆர்.பி.எம். மீட்டர் முள் 6000-ஐத் தொடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 தடவை திறந்து மூடுகிறது! அந்த வேகத்தில், வால்வோடு சேர்ந்து ஆடும் பாகங்களின் எடை கூடினால், வால்வை மூடும் ஸ்பிரிங் திணறிவிடும். பழைய அம்பாசடரிலும் பத்மினியிலும் கேம் ஷாஃப்ட் கீழே, சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்குள் இருந்தது. நீளமான புஷ் ராடுகள்தான் மேலே வால்வைத் தள்ளின; அந்த எடையும் ஸ்பிரிங்கின் தலையில்தான். மாருதி 800 வந்தபோது கேம் ஹெட்டுக்கே ஏறிவிட்டது. ஆனால் ஒன்றே ஒன்று. பெட்ரோலும் காற்றும் உள்ளே வரும் வால்வுகளுக்கு ஒரு தண்டு, புகை வெளியேறும் வால்வுகளுக்குத் தனியாக இன்னொன்று என்று பிரித்தால் அதுதான் டி.ஓ.எச்.சி., இரட்டை கேம்.

பிரிப்பதால் என்ன லாபம்? வால்வை நல்ல கோணத்தில் சாய்த்து வைக்கலாம், ஸ்பார்க் பிளக்கை நட்டநடுவில் பொருத்தலாம், இருவகை வால்வுகளும் திறக்கும் நேரத்தைத் தனித்தனியே மாற்றலாம். இதையெல்லாம் கேள்விப்பட்ட கார் பிரியர்களுக்கு ஓர் ஆசை வருவது இயல்பு: பழைய பிளாக்கை அப்படியே வைத்துக்கொண்டு இரட்டை கேம் ஹெட்டை ஏற்றிவிட்டால் என்ன?

ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் நம் அம்பாசடரின் உறவுக்கார எஞ்சினில். அம்பாசடரில் பல்லாண்டு உழைத்தது இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனத்து பி-சீரிஸ், 1489 சி.சி. இதே எஞ்சினை வைத்து எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரும் வந்தது. 1958-ல் அந்தக் குடும்பத்து பிளாக்கை 1588 சி.சி. ஆக்கி, மேலே இரண்டு கேம் கொண்ட அலுமினிய ஹெட்டைப் பொருத்தி, எம்.ஜி.ஏ. ட்வின் கேம் என்று விற்றார்கள். 72 குதிரைத்திறன் 108-க்குத் தாவியது. தொல்லையும் கூடவே வந்தது. அழுத்த விகிதம் 9.9. மட்டமான பெட்ரோல் ஊற்றினாலோ, இக்னிஷன் கொஞ்சம் பிசகினாலோ பிஸ்டனில் ஓட்டை விழுந்தது. விகிதத்தை 8.3-க்கு இறக்கிப் பார்த்தார்கள்; ஆனால் கெட்டுப்போன பெயர் கெட்டதுதான். 2,111 கார்களோடு 1960-ல் கடையைக் கட்டினார்கள். சாதாரண புஷ் ராடு எம்.ஜி.ஏ.வோ 1962 வரை வந்துகொண்டிருந்தது. பெரிய கம்பெனியின் இஞ்சினியர்களே பட்ட பாடு இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எஞ்சின் நன்றாக மூச்சு விடுவதற்கு, கேம் எத்தனை என்பதைவிட வால்வு எத்தனை என்பதுதான் முக்கியம். ஹோண்டா சிட்டியைப் பாருங்கள். நான்காம் தலைமுறை சிட்டியின் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் ஒற்றைக் கேம்தான். ஆனால் சிலிண்டருக்கு 4 வால்வு, 119 பி.எஸ். சக்தி. 2020-ல் வந்த ஐந்தாம் தலைமுறையில் இரட்டை கேம், சக்தி 121. கூடியது இரண்டே இரண்டு! டார்க் இரண்டிலும் 145 என்.எம்.தான். ஆனால் பழைய காரில் 4600 ஆர்.பி.எம்.மில் கிடைத்தது, புதியதில் 4300-லேயே கிடைக்கிறது. நகர நெரிசலில் ஓட்டுபவருக்கு இது பயன்தான். ஆனால் அந்தப் பயன் எஞ்சினையே புதிதாக வடிவமைத்ததால் வந்தது, ஹெட்டை மட்டும் மாற்றியதால் அல்ல.

ஒர்க் ஷாப்பில் ஹெட்டை இறக்கியதும்தான் கஷ்டம் தெரியும். போல்ட் துளைகள் நேருக்கு நேர் வர வேண்டும். ஆயிலும் தண்ணீரும் ஓடும் வழிகள் கேஸ்கட்டோடு பொருந்த வேண்டும். பிஸ்டன் தலையில் வால்வு இறங்கப் பள்ளம் வேண்டும். பெல்ட்டின் நீளம் மாறும், மேனிஃபோல்டு மாறும், ஃபியூயல் இஞ்செக்‌ஷன் காரென்றால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் இ.சி.யு.வும் மாறும். பல எஞ்சின்களில் பெல்ட்டைப் போடும்போது மார்க் சில பற்கள் தள்ளிப்போனால் போதும், வால்வு பிஸ்டனில் அடித்து வளைந்துவிடும். மறுபடி ஹெட்டை இறக்க வேண்டியதுதான்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் இந்த மாற்றத்தைக் காரணம் காட்டக்கூடும்.

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை டிராக் போன்ற இடங்களில் மட்டும் ஓட்டப்போகும் வண்டி என்றால், கைதேர்ந்த மெக்கானிக்கும் கையில் பணமும் இருந்தால், தாராளமாக இறங்கலாம். தினமும் சாலையில் ஓடும் காருக்கு இது வேண்டாத செலவு. இரட்டை கேம் வேண்டுமென்றால் அந்த எஞ்சினோடு வந்த காரையே வாங்குங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்பவர்கள், ஹெட்டைத் தேடி அலைவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.