ஒரு டன் அமிலம், ஒரு டன் ஜிப்சம்

பிளாஸ்டிக் பைகளில் தயாரிப்பாளர் விவரத்தை க்யூஆர் குறியீடாகவும் தரலாம் என்ற விதி 2025 ஜூலை 1-இல் அமலுக்கு வந்தது. அதையொட்டி அம்பத்தூர், ஆவடி வாசகர்கள் எழுதும் கடிதங்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: வைக்கோலிலும் கரும்புச் சக்கையிலும் பிளாஸ்டிக் செய்ய முடியுமா?

முடியும். சக்கையை உடைத்துச் சர்க்கரையாக்கி, பாக்டீரியாவிடம் விட்டால் லாக்டிக் அமிலம். அதைச் சங்கிலியாகக் கோத்தால் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக். விளம்பரங்கள் இத்தோடு நின்றுவிடுகின்றன. எனக்கு உறுத்தல் இதற்கு நடுவில்தான்.

இட்லி மாவை எத்தனை நாள் வைத்தாலும் ஓர் அளவுக்கு மேல் புளிக்காது. தான் சுரந்த புளிப்பையே பாக்டீரியாவால் தாங்க முடியாமல் போய்விடும். ஆலைத் தொட்டியிலும் இதே கதைதான். அதனால் சுண்ணாம்பைப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். புளிப்பு அடங்கும், பாக்டீரியா வேலையைத் தொடரும். ஆனால் அமிலம் கால்சியம் லாக்டேட்டாக மாறிவிடும். அதை மீட்கக் கந்தக அமிலம் ஊற்ற வேண்டும். அப்போது அடியில் வெள்ளையாகப் படிவது ஜிப்சம். கணக்குப் போட்டால் 180 கிலோ லாக்டிக் அமிலத்துக்கு 172 கிலோ ஜிப்சம்! கிட்டத்தட்ட எடைக்கு எடை. புளிப்பைத் தாங்கும் ஈஸ்ட்டை வளர்த்தால் சுண்ணாம்புச் செலவு குறையும். அமெரிக்காவின் கார்கில் நிறுவனம் அந்த வழியில் போயிருக்கிறது. இங்கே ஆலை வைக்க வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, ஜிப்சத்தை எங்கே கொட்டுவீர்கள் என்பதைத்தான்.

'பயிர்க் கழிவு' என்ற சொல்லையும் நான் அப்படியே ஏற்கமாட்டேன். சர்க்கரை ஆலைகளில் சக்கை பாய்லருக்குப் போகிறது. புகளூர் டி.என்.பி.எல். ஆலை அதில் காகிதம் செய்கிறது. வைக்கோல் மாட்டுக்கு. யாருக்கும் வேண்டாத பொருள் இதில் எது? உத்தரப்பிரதேசம் கும்பியில் ஆண்டுக்கு 75,000 டன் பி.எல்.ஏ. செய்யப்போவதாக பல்ராம்பூர் சர்க்கரை நிறுவனம் 2024-இல் அறிவித்தது. அதற்கும் மூலப்பொருள் சர்க்கரைதான், சக்கை அல்ல.

மற்ற கேள்விகள்:

மக்குமா? அரசுத் தரமான ஐ.எஸ். 17088 சொல்லும் 'மக்குதல்', 58 டிகிரி சூட்டில் 180 நாள். அது உரக்கூடத்துச் சூடு, பூந்தமல்லி காலிமனையிலோ கூவம் கரையிலோ கிடைக்காது.

பை முழுக்கப் பயிரா? பி.எல்.ஏ. மட்டும் என்றால் மொரமொரவென்று உடையும். பெரும்பாலும் பெட்ரோலியத்தில் செய்யும் பி.பி.ஏ.டி. கலப்பார்கள்.

சூடான டீ ஊற்றலாமா? சாதாரண பி.எல்.ஏ. கப் 60 டிகிரியை ஒட்டி இளகிவிடும்.

'மக்கும்' என்ற சான்று யார் தருவது? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

காயலான் கடையில் போடலாமா? கூடாது, பெட் பாட்டிலோடு கலந்தால் அந்தச் சரக்கும் கெட்டுப்போகும்.