களத்தில் நிறுத்த வேண்டிய வீட்டுப் பங்கு: எண்ணெயும் சோப்பும்

நிலக்கடலை அறுவடையான வாரத்தில் மூட்டைகள் யாவும் களத்திலிருந்து வண்டியேறிப் போய்விடுவதும், அடுத்த மாதமே அதே குடும்பத்தார் கடலையெண்ணெய்க்குக் கடைக்குச் செல்வதும் பல கிராமங்களில் வழக்கமாகிவிட்டன. விற்கும்போது கிடைப்பது அறுவடைக் காலத்துத் தாழ்ந்த விலை. வாங்கும்போது கொடுப்பதிலோ தரகு, ஏற்றுக்கூலி, ஆலைக்கூலி, உறைச் செலவு, கடை லாபம் ஆகிய அனைத்தும் அடங்கியுள்ளன. கடன் தவணை நெருக்கும் காலத்தில் விளைந்ததெல்லாம் விற்றாலன்றித் தீராது என்று சொல்வோர் உண்டு, அது பொய்யன்று. ஆயினும் நிறுத்த வேண்டிய அளவு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தவர் சிலரே.

மாதம் 4 லிட்டர் எண்ணெய் செலவழிக்கும் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 48 லிட்டர், அதாவது சுமார் 44 கிலோ எண்ணெய் வேண்டும். நன்றாய்க் காய்ந்த 100 கிலோ காயை உடைத்தால் சுமார் 70 கிலோ பருப்பு கிடைக்கும். அதனைச் செக்கிலிட்டால் 26 முதல் 28 கிலோ வரை எண்ணெய் இறங்கும். ஆகவே 80 கிலோ கொண்ட மூட்டைகளில் இரண்டை நிறுத்தினால் ஓராண்டுத் தேவை பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதனோடு 60 கிலோவுக்குக் குறையாத புண்ணாக்கும் வீட்டில் தங்கும். காயாக விற்றவர் அந்தப் புண்ணாக்கையும் தம் மாட்டிற்காகத் திரும்ப விலைக்கு வாங்குகிறார் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். செக்குக்கூலியைக் கழித்துக்கொண்டு மிச்சம் எவ்வளவு என்பதை அவரவர் ஊர் விலையை வைத்து அவரவரே பார்த்துக்கொள்ளலாம்.

நிறுத்தும் கடலையைப் பருப்பாக உடைத்து வைத்தல் கூடாது. காயாகவே வைத்து, இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை வேண்டிய அளவு உடைத்துச் செக்குக்கு அனுப்புதல் நலம். காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கும் வரை உலர்த்தி, தரையில் படாமல் பலகைமேல் அடுக்க வேண்டும். ஈரம் தங்கிய கடலையில் பூஞ்சை பற்றும். அப்பூஞ்சையிலிருந்து அஃப்ளடாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு உண்டாகிறது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டபோது, அவற்றிற்கு இட்ட கடலைப் புண்ணாக்கை ஆராய்ந்ததிலிருந்தே இந்நஞ்சு வெளிப்பட்டது. காய்ச்சுவதால் இது அழிவதில்லை. இதில் பெரும்பங்கு புண்ணாக்கிலும் ஒரு பங்கு வடிகட்டாத எண்ணெயிலும் தங்குகிறது. அப்புண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலிலும் இறங்குகிறது. பச்சையோ கருமையோ படர்ந்த பருப்பையும், சுருங்கிய பருப்பையும் கையால் பொறுக்கித் தள்ளிய பின்னரே செக்கிலிட வேண்டும். தள்ளியதை மாட்டிற்குப் போடுவது சிக்கனம் ஆகாது.

எள் விளைவிப்போருக்கும் இதே முறை பொருந்தும்; எள்ளாட்டும்போது கருப்பட்டி சேர்க்கும் பழைய வழக்கம் எண்ணெய் நன்றாய்ப் பிரிவதற்கு உதவுகிறது. எந்த எண்ணெயாயினும் சில நாள் அசையாமல் வைத்துத் தெளிந்த பின் மேலாக இறுத்துக்கொள்வது நன்று. மிளகாய், மல்லி, மஞ்சள் இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. மஞ்சளுக்கு நிறமேற்ற ஈயக் குரோமேட்டைக் கலக்கும் தீய வழக்கம் சில இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டிருப்பதால், முழுக் கிழங்கை வீட்டிலேயே இடித்துக்கொள்வது பணத்தைவிட உடம்பைக் காப்பதாகும்.

இனி சோப்பைப் பற்றிச் சற்று விரிவாகக் காண்போம். தென்னாட்டில் இது புதிய முயற்சியன்று. 1914-ஆம் ஆண்டிலேயே அக்காலத்துச் சென்னை அரசாங்கத்தார் கோழிக்கோட்டில் சோப்புத் தொழிலுக்கென ஒரு நிலையம் நிறுவினர். துணி துவைக்கும் சோப்பைத் தோப்புள்ள எந்தக் குடும்பமும் செய்துகொள்ளலாம்.

தேங்காயெண்ணெய் 700 கிராம், கடலையெண்ணெய் அல்லது இலுப்பையெண்ணெய் 300 கிராம், காஸ்டிக் சோடா 160 கிராம், மழைநீர் 370 கிராம் ஆகியவை போதும். காறலெடுத்த தேங்காயெண்ணெயும் இதற்கு ஆகும். பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயை வடிகட்டிக் கடலையெண்ணெய்க்குப் பதிலாகச் சேர்க்கலாம். அதை மறுபடி சமையலுக்குக் கொள்வதினும் இது மேல். எல்லாவற்றையும் தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஒரு கிலோ அன்று, சுமார் 920 கிராமே. லிட்டரைக் கிலோவென்று கொண்டால் சோடா மிகுந்து, துவைப்பவர் கை புண்ணாகும்.

சோடாவை நீரில் சிறிது சிறிதாக இட வேண்டுமேயன்றிச் சோடாவின்மேல் நீரை ஊற்றலாகாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரைக்கும்போதே நீர் மிகவும் சூடேறி, மூச்சை அடைக்கும் ஆவி எழுமாதலால் திறந்த வெளியில் செய்தல் வேண்டும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்துவிடும், எவர்சில்வர் ஏற்றது. கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு ரப்பர் உறையும் இன்றித் தொடங்கவே கூடாது. தோலிலோ கண்ணிலோ பட்டால் எலுமிச்சைச் சாறு தேடிக்கொண்டிராமல் உடனே 20 நிமிஷத்திற்குக் குறையாமல் நல்ல நீரால் கழுவிக்கொண்டேயிருந்து, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

கரைசல் ஆறி இளஞ்சூட்டுக்கு வந்ததும் எண்ணெயில் மெல்லிய தாரையாக விட்டு ஒரே திசையில் கிளற வேண்டும். தோசை மாவின் பதம் வந்து, துடுப்பிலிருந்து சொட்டுவது மேலே கோடாக நிற்குமானால் இறக்கித் துணி விரித்த மரப்பெட்டியில் ஊற்றலாம். மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள் வில்லைகளாக அறுத்து, காற்றோட்டமுள்ள நிழலில் 4 வாரம் உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு முன்னரே எடுத்தால் கையைக் கடிப்பதோடு சீக்கிரம் கரைந்தும் போகும். தேங்காயெண்ணெய் மிகுந்த சோப்பு, மற்றவை நுரைக்காத உவர் நீரிலும் நுரைப்பது கடற்கரையோர ஊர்களுக்கு அனுகூலம். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கிணற்று நீரில் எந்தச் சோப்பும் திரிந்து அழுக்காய்ப் படியுமாதலால் அங்கே மழைநீரைத் தேக்கித் துவைப்பதே வழி.

எல்லாவற்றையும் வீட்டில் செய்ய வேண்டும் என்பதன்று கருத்து. தீப்பெட்டி, சர்க்கரை போன்றவை கடையில் வாங்கத்தக்கவையே. தோப்பில்லாதவர் தேங்காயெண்ணெயைச் சில்லறை விலைக்கு வாங்கிச் சோப்புச் செய்தால் நஷ்டமே மிஞ்சும். வீட்டுப் பெண்டிரின் உழைப்புக்குக் கூலியில்லை என்று எண்ணிக் கணக்கெழுதுவதும் பிழை. நடவுக் காலத்தில் அவர்களை இவ்வேலையில் இருத்துவது எவ்விதத்திலும் லாபமன்று. மிஞ்சிய எண்ணெயை விற்க நினைப்போர் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதலில் பதிவு செய்துகொள்ளல் அவசியம்.

கிராம அதிகாரிகள் இதில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. காஸ்டிக் சோடாவை வீடுதோறும் கிலோக் கணக்கில் வாங்கி அடுக்களையில் வைப்பது பேராபத்து. பார்வைக்கு உப்பையும் கற்கண்டையும் ஒத்திருப்பதால் குழந்தைகள் வாயிலிட்டுத் தொண்டை வெந்துபோக இடமுண்டு. கூட்டுறவுச் சங்கத்திலோ மகளிர் குழுவிலோ ஒருவர் பொறுப்பில் மொத்தமாக வாங்கிப் பூட்டி வைத்து, கேட்பவருக்குச் சோப்புக் காய்ச்சும் அன்று காலையில் 160 கிராம் வீதம் நிறுத்து, பெயரெழுதி, ஈரம் புகாத உறையில் கொடுக்க ஏற்பாடு செய்யலாம். அந்தத் தராசையே எண்ணெய் நிறுக்கவும் இரவல் தந்தால் அளவுப் பிழையும் நேராது.