சென்னையில் சொந்த வீடு: வாங்கலாமா, எங்கே வாங்கலாம்?

சென்னையில் பத்து வருடம் வாடகைக்கு இருப்பவரைப் பார்த்தால் உறவினர்கள் தவறாமல் சொல்வது: “மாசாமாசம் வாடகையைக் கொட்டி அழுவதற்கு இ.எம்.ஐ. கட்டினால் வீடாவது மிஞ்சுமே!” நியாயமான பேச்சுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் சிலருக்கு விடை வேறாக வரும். வாங்கலாமா என்பதை நீங்கள் அந்த வீட்டில் இருக்கப்போகும் வருடங்கள் தீர்மானிக்கும். எங்கே என்பதை, இந்த ஊரைப் பொறுத்தவரை, பெரும்பாலும் தண்ணீர்தான் தீர்மானிக்கும்.

முதலில் கணக்கு

80 லட்ச ரூபாய்க்கு ஒரு ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். அதே வீடு 20,000 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கிறது. அதாவது ஆண்டு வாடகை விலையில் 3 சதவீதம். 60 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டுகள் என்றால் மாதத் தவணை சுமார் 52,000 ரூபாய். முதல் மாதம் அதில் 42,500 ரூபாய் வட்டிக்கே போகும். அசலில் கழிவது பத்தாயிரம்கூட இல்லை. வட்டியும் வங்கிக்குக் கொடுக்கும் வாடகைதான், அதுவும் இரண்டு மடங்கு வாடகை. வீட்டு வாடகை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறிக்கொண்டே போனாலும் இந்தத் தவணையைத் தொட ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆகும்.

கையிலிருந்து போடும் பணம் இன்னொரு பக்கம். 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது. பில்டரிடம் நேரடியாக வாங்கும் புது ஃபிளாட் 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை என்றால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 7 சதவீதம்; ஒருவர் வாழ்ந்த வீட்டை மறுவிற்பனையில் வாங்கினால் 9 சதவீதம். கட்டுமானம் முடியாத வீட்டுக்கு மேற்கொண்டு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, பணி நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு அது இல்லை. ஆக, நம் 80 லட்ச வீடு கட்டி முடியாத புது ஃபிளாட் என்றால், அலமாரி, சமையலறை வேலைகளுக்கு முன்பே கையில் 30 லட்சம் வேண்டும். வரிச்சலுகையையும் பெரிதாக நம்ப வேண்டாம். குடியிருக்கும் வீட்டுக்கான 2 லட்சம் வரையிலான வட்டிக் கழிவு பழைய வரிமுறையில்தான். புதிய முறையில் கிடையாது.

அப்படியானால் வாங்கவே கூடாதா? ஐந்து வருடத்தில் வேலை மாறலாம், வெளிநாடு போகலாம் என்பவர் வாடகையில் இருப்பதே மேல். பத்திரச் செலவை ஈடுகட்டவே விலை கணிசமாக ஏற வேண்டியிருக்கும். பத்து, பதினைந்து வருடம் இங்கேதான், தவணை கைக்கு வரும் சம்பளத்தில் 40 சதவீதத்தைத் தாண்டாது, ஆறு மாதச் செலவுக்குத் தனியாகப் பணம் இருக்கிறது என்பவர் தாராளமாக வாங்கலாம். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வாரோ என்ற கவலை தீர்வதற்கும் ஒரு விலை உண்டு.

எங்கே?

வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் போன்ற இடங்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் என்ன பாடுபட்டன என்பது தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் தென்சென்னையின் பல தெருக்களில் படகு விட வேண்டியிருந்தது. ஏரியும் சதுப்பு நிலமும் இருந்த தாழ்வான பகுதிக்குத்தான் மழைநீர் வரும். அடுத்த கோடையில் அதே பகுதி லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும். 2019 கோடையில் பூண்டி, புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது ஓ.எம்.ஆரின் பெரிய குடியிருப்புகள் பலவும் லாரியை நம்பித்தான் ஓடின.

ஆகவே மாடல் ஃபிளாட்டைப் பார்ப்பதற்கு முன் தெருமுனைக் கடைக்காரரிடமும் பக்கத்துக் குடியிருப்பின் வாட்ச்மேனிடமும் கேளுங்கள்: 2015-லும் 2023-லும் தண்ணீர் எதுவரை வந்தது? போர்வெல் தண்ணீர் மே மாதத்தில் நிற்குமா? மெட்ரோ வாட்டர் இணைப்பும் பாதாளச் சாக்கடையும் உண்டா? சர்வே எண்ணை வைத்து அ-பதிவேட்டில் அது நீர்நிலைப் புறம்போக்கா என்று பார்த்துவிடலாம்.

அடுத்தது பயணம். மெட்ரோ இரண்டாம் கட்டம் 118 கிலோமீட்டருக்கு மேல் மாதவரம், பூந்தமல்லி, சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று நீள்கிறது. ‘மெட்ரோ வரப்போகுது சார்’ என்பதற்கான விலையை பில்டர் ஏற்கெனவே சேர்த்திருப்பார். இன்று இருக்கும் பேருந்தையும் மின்சார ரயிலையும் வைத்து அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் எவ்வளவு நேரம் என்று பாருங்கள்.

மூன்றாவது, நிலத்தில் உங்கள் பங்கு, அதாவது யு.டி.எஸ். கட்டடம் பழசாகும், விலை ஏறுவது நிலத்துக்கு. 1000 சதுர அடி வீட்டுக்குப் பழைய மூன்று மாடிக் குடியிருப்பில் 500 சதுர அடி வரைகூடப் பங்கு கிடைக்கலாம். உயர்ந்த அடுக்குமாடியில் அது 300-க்கும் கீழே போகலாம். நாளை இடித்துக் கட்டும் பேச்சு வந்தால் உங்கள் பலம் இந்த எண்தான்.

பத்திரம்

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் கட்டப்படும் திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், அதாவது ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக்கூடாது. விலையைத் தரைவிரிப்புப் பரப்புக்கு, அதாவது கார்பெட் ஏரியாவுக்குக் கணக்கிட்டுக் கேளுங்கள். மூலப் பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, சி.எம்.டி.ஏ. அனுமதி ஆகியவற்றை வங்கி வக்கீல் பார்த்துவிட்டார் என்று விடாமல், உங்கள் சொந்த வக்கீலிடம் காட்டுங்கள். வங்கி பார்ப்பது தன் கடனுக்கான பாதுகாப்பைத்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஊசலாடினால் ஒரு வழி உண்டு: வாங்க நினைக்கும் பகுதியிலேயே ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையையும் சித்திரை வெயிலையும் அங்கே கண்டுவிட்டால் எந்தத் தெரு வேண்டாம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த ஒரு வருட வாடகை 2,40,000 ரூபாய். 80 லட்சத்தைத் தவறான தெருவில் போடுவதோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகை.