வண்ணப் படங்களிற் காணும் மலைநாடு

நுவரெலியா, அட்டன் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களைக் காட்டும் பழைய வண்ணப் படங்கள், கணினியின் துணையாற் புதுப்பிக்கப்பெற்று இன்று பலர் பார்வைக்கும் வருகின்றன. அவற்றைக் காண்போர் அக்காலத்து மலைநாட்டு வாழ்வையே நேரிற் கண்டதாக எண்ணி மகிழ்வர். அவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

1935இல் கொடாக்குறோம் என்னும் சுருள் வெளிவந்த பின்னரே வண்ணப்படம் எடுத்தல் எளிதாயிற்று. வண்ணச் சுருளில் மஞ்சள், செவ்வூதா, பசுநீலம் ஆகிய மூன்று சாயங்கள் அடுக்காக அமையும். பெட்டியில் வைத்த சுருள்கள் பலவற்றில் முதலில் மங்குவது பசுநீலமே. அதனாற் படம் செந்நிறம் கொள்ளும். தேயிலை மலையின் படத்தில் முதலில் அழிவது தேயிலையின் பச்சை என்பது விந்தையே. எஞ்சிய சாயத்தைக் கொண்டு இழந்ததை அளவிட்டு நிரப்புதல் புதுப்பித்தலாம். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் தீட்டுதலோ வேறு. சிவப்பும் பச்சையும் அதில் ஒரே சாம்பல் நிறமாய்த் தோன்றக்கூடும். ஆதலின் அங்கே இடப்படும் நிறம் ஊகமேயாகும்.

இனி, படங்கள் காட்டுவன யாவை? தலையிலே கூடைக் கயிறு, இடையிலே படங்கு, கையிலே மட்டக்கம்பு, பின்னே கங்காணி. எங்கும் நல்ல வெயில்! தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் அட்டன் பக்கத்தில் வெயில் அரிதென்பதை அங்கு வாழ்ந்தோர் அறிவர். கம்பளி போர்த்துக்கொண்டு மழையிற் கொழுந்தெடுத்த நாட்கள் எங்கே போயின? முதற் கொடாக்குறோம் சுருளின் ஒளியுணர்வு ஏறத்தாழ 10 அளவே. அதற்கு மிகுந்த ஒளி வேண்டும். எனவே விடியற்காலைப் பிரட்டுக்களமும், பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயத்து அறையும், அதனுள் அடுப்புப் புகையும் அச்சுருளுக்கு எட்டவில்லை. சுருளை மட்டும் குறைகூறுவதும் நேர்மையன்று. கருவி துரைமாரிடமும் பயணிகளிடமுமே பெரும்பாலும் இருந்தது. லயத்தினுள் நுழைய அவர்களுக்கு விருப்பம் இருந்ததோ என்னவோ.

தோட்டத்து மக்கள் தமக்கென எடுப்பித்த படங்களின் வரலாறு வேறு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பட்டினத்து ஸ்டூடியோக்களில் அவர்கள் நின்றெடுத்த படங்களுட் பல கடவுச்சீட்டின் பொருட்டு எடுக்கப்பட்டவை. அவை கறுப்பு வெள்ளை; சிரிப்புமில்லை, மலையுமில்லை.

அப்படங்களுக்கும் இன்று பேரப்பிள்ளைகள் வண்ணம் தீட்டுவிக்கின்றனர். கணினி பாட்டியின் சேலைக்கு ஏதோவொரு நிறத்தை இடுகின்றது. அதை உடுத்தியவர் அட்டனிலோ, தாயகம் திரும்பியோர் பலர் குடியேறிய கூடலூரிலோ இன்னும் உயிரோடிருப்பின், அந்த நிறத்தை அவரிடமே கேட்டுப் படத்தின் பின்புறத்தில் எழுதிவைத்தல் இயலும்.